கூடையில் யாரோ வைத்த பை: செஷன் ஐடியும் தேடுபொறியும்

மும்பை தாராவியின் நைன்டி ஃபீட் ரோட்டில் தோல் பை விற்கும் அண்ணாச்சி ஒருவருக்கு நான் பல வருடங்களாக வெப்சைட் பார்த்துக் கொடுக்கிறேன். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். தாராவியில் தோல் தொழில் செய்யும் நெல்லைக்காரர் என்பதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. கடைக்கு வெப்சைட் வேண்டும் என்று 2008 வாக்கிலேயே பிடிவாதம் பிடித்ததுதான் ஆச்சரியம். ஒருநாள் காலையில் அவரிடமிருந்து போன்.

"தம்பி, செம்பூர்ல இருந்து ஒரு அம்மா பேசினாங்க. நம்ம சைட்டுல அவங்க கூடையைத் திறந்தா ரெண்டு ஆபீஸ் பை கிடக்குதாம். நான் எதையும் தொடவே இல்லையேங்கிறாங்க. என்னன்னு பாரு."

அந்த அம்மாவுக்கு ஞாபகப் பிசகு என்றுதான் முதலில் நினைத்தேன். யார் எப்போது வந்தார்கள் என்று சர்வர் குறித்துவைக்கும் லாகைத் திறந்து பார்த்தபோதுதான் பிசகு எங்கே என்று தெரிந்தது. சயானிலிருந்து ஒருவர் முந்தின நாள் இரவு கூகுளில் தேடி, வந்த முடிவைக் கிளிக் செய்து, இரண்டு பைகளைக் கூடையில் போட்டுவிட்டுப் பணம் கட்டாமல் போயிருக்கிறார். செம்பூர் அம்மாவும் அதே தேடலில் அதே முடிவைக் கிளிக் செய்து வந்திருக்கிறார். அந்த முடிவின் முகவரிக்கு ஒரு வால் இருந்தது. கேள்விக்குறி, ஒரு பெயர், சமக்குறி, அதன் பிறகு எண்ணும் எழுத்தும் கலந்து 32 எழுத்துகள். அதுதான் செஷன் ஐடி, வந்திருப்பவர் யார் என்று அடையாளம் வைத்துக்கொள்ள சர்வர் கொடுக்கும் டோக்கன். வலைப்பக்கங்களைத் தானாகச் சுற்றிவந்து எடுத்துப்போகும் கூகுளின் பாட் என்ற நிரல் என்றைக்கோ கடைக்கு வந்தபோது சர்வர் அதன் கையில் திணித்த டோக்கன் அது. பாட் அதையும் முகவரியின் ஒரு பகுதி என்று எடுத்துக்கொண்டு தன் அட்டவணையில் எழுதிவிட்டது. அந்த வழியாக உள்ளே வந்தவர்கள் எல்லோருக்கும் ஒரே டோக்கன், ஒரே கூடை. சர்வர் கண்ணுக்கு சயான்காரரும் செம்பூர் அம்மாவும் ஒரே ஆள்.

இப்படி ஒரு வாலை முகவரியில் ஒட்டவைக்கும் யோசனை யாருக்கு, எதற்கு வந்தது? அதற்குக் காரணம் இருந்தது.

வலைப்பக்கங்களைக் கொண்டுவரும் எச்டிடிபி நெறிமுறைக்கு ஞாபகம் கிடையாது. ஒரு பக்கம் கேட்டால் கொடுக்கும். அடுத்த நொடி நீங்களே மறுபடி வந்தாலும் புது ஆளைப் பார்ப்பதுபோலப் பார்க்கும். படிப்பதற்கு மட்டுமான பக்கங்கள் இருந்தவரை இதில் தொந்தரவு இல்லை. கடை என்று வந்துவிட்டால், பை எடுத்தவர் யார், பணம் கட்ட வந்தவர் யார் என்று கோக்க ஒரு கயிறு வேண்டுமே. 1994ல் நெட்ஸ்கேப் என்ற பிரவுசர் நிறுவனத்தில் இருந்த லூ மோன்டுல்லி குக்கியைக் கண்டுபிடித்தது இதற்காகத்தான். சர்வர் ஒரு சின்னக் குறிப்பைக் கொடுக்கும், பிரவுசர் அதைப் பத்திரமாக வைத்துக்கொண்டு ஒவ்வொரு முறை வரும்போதும் திருப்பிக் காட்டும். முகவரியைத் தொடாமல் வேலை முடிந்தது.

ஆனால் குக்கியை எல்லோரும் நம்பிவிடவில்லை. வேவு பார்க்கும் சமாச்சாரம் என்று பயந்து பிரவுசரில் அதை அணைத்து வைத்தவர்கள் நிறைய. சுருக்கமான வலைப்பக்கங்களை மட்டும் காட்டிய அன்றைய வாப் போன்கள் பலவற்றுக்குக் குக்கி என்றால் என்னவென்றே தெரியாது. அவர்களையும் வாடிக்கையாளராகப் பிடிக்க வேண்டும் என்றால் டோக்கனை முகவரியிலேயே ஒட்டி அனுப்புவதைத் தவிர வேறு சுலபமான வழி இல்லை. பிஎச்பி மொழி அதைத் தானாகவே செய்து கொடுத்தது. ஜாவா சர்வர்கள் அரைப்புள்ளி வைத்து 'ஜேசெஷன்ஐடி' என்று ஒட்டின. மைக்ரோசாஃப்டின் ஏஎஸ்பி டாட் நெட்டில் குக்கி வேண்டாம் என்று அமைத்தால் முகவரியின் நடுவிலேயே அடைப்புக்குறிக்குள் செருகிவிடும்.

கோளாறு தொடங்கும் இடம் நுணுக்கமானது. முதன்முதலாக ஒருவர் வரும்போது, அவருடைய பிரவுசர் குக்கியை ஏற்குமா ஏற்காதா என்று சர்வருக்குத் தெரியாது. அதனால் இரண்டு கையாலும் கொடுக்கும். ஒரு கையால் குக்கி. மறுகையால் அந்தப் பக்கத்தில் இருக்கும் எல்லா இணைப்புகளின் வாலிலும் ஐடி. அடுத்த கிளிக்கில் குக்கி திரும்பி வந்தால், 'சரி, இவர் குக்கி வைத்திருக்கிறார்' என்று வால் ஒட்டுவதை நிறுத்திவிடும். நம்மைப்போன்றவர்கள் சைட்டைச் சோதித்துப் பார்க்கும்போது இரண்டாவது பக்கத்திலேயே வால் மறைந்துவிடும். அதனால்தான் செய்து கொடுத்தவர் கண்ணிலும் படவில்லை, பராமரிக்கும் என் கண்ணிலும் படவில்லை.

தேடுபொறியின் பாட் குக்கியைச் சுமந்து திரிவதில்லை. இன்றைய கூகுள்பாட் குரோம் போலவே பக்கத்தை வரைந்து பார்க்கிறது என்றாலும், ஒரு பக்கத்திலிருந்து அடுத்ததற்குப் போகும்போது குக்கியைத் துடைத்துவிடும். ஆக அது என்றைக்கும் முதல் தடவை வருகிற ஆள்தான். முகப்புப் பக்கத்துக்கு எத்தனை முறை வருகிறதோ அத்தனை முறையும் புது டோக்கன். அந்தப் பக்கத்திலிருந்து கிளம்பும் இணைப்புகள் எல்லாவற்றுக்கும் புது வால். ஜாவா சர்வர்களில் இன்னொரு படி மேலே. பழைய வாலோடு வந்து நின்றால், அந்த செஷன் எப்போதோ காலாவதி ஆகியிருக்கும் (டாம்கேட் என்ற ஜாவா சர்வரில் வழக்கமான ஆயுள் 30 நிமிடம்), உடனே இன்னொரு புது வால்.

மாட்டுங்காவில் மதிய நேரத்தில் கூட்டம் அள்ளும் மெஸ் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். கல்லாவில் காசு கட்டினால் டோக்கன் தருவார்கள். டோக்கன் 47க்கும் 48க்கும் கிடைப்பது அதே சாம்பார், அதே ரசம். வெளியூரிலிருந்து பத்திரிகைக்குக் குறிப்பெடுக்க வந்த ஒருவர் டோக்கன் எண்ணைச் சாப்பாட்டின் பெயர் என்று புரிந்துகொண்டு, 'இந்தக் கடையில் 47 என்று ஒரு சாப்பாடு, 48 என்று ஒரு சாப்பாடு' என எழுதிக்கொண்டே போனால் எப்படி இருக்கும்? தினமும் வந்து தினமும் எழுதுவார். நோட்டுத்தான் தீரும்.

கணக்காகப் பார்க்கலாம். கடையில் 200 பை, பையொன்றுக்கு ஒரு பக்கம் என்று வைத்துக்கொள்வோம். பாட் ஒரு நாளில் பத்து முறை முகப்புக்கு வந்து, ஒவ்வொரு முறையும் கிடைத்த இணைப்புகளை வரிசையில் சேர்த்தால் ஒரு நாளைக்கு 2,000 முகவரி. மாதத்துக்கு 60,000. இருப்பதோ 200 பக்கம்தான். எடுத்துப்போகும் வேலைக்கு ஒவ்வொரு சைட்டிலும் எவ்வளவு நேரம் செலவிடலாம் என்று தேடுபொறி ஓர் அளவு வைத்திருக்கும். பத்து லட்சம் பக்கத்துக்கு மேல் உள்ள சைட்டுகளும், பத்தாயிரம் பக்கத்துக்கு மேல் வைத்துக்கொண்டு தினமும் மாற்றுகிறவர்களும்தான் இந்த அளவைப் பற்றி யோசிக்க வேண்டும் என்கிறது கூகுள். 200 பை விற்கிறவர் கவலைப்படவே வேண்டாம் என்று அர்த்தம். வால் இருந்தால் அந்த 200 பைக்காரரும் பெரிய சைட்டுக்காரர் ஆகிவிடுகிறார், வியாபாரம் மட்டும் பெருகாமல். 2017 ஜனவரியில் கூகுள் இதை விளக்கியபோது, பாட்டின் நேரத்தை வீணடிக்கும் விஷயங்களில் முதல் வரியிலேயே செஷன் ஐடிக்கு இடம் கொடுத்திருந்தது.

அண்ணாச்சிக்கு இதனால் வந்த நஷ்டம் என்ன என்று கேட்டால், தீபாவளிக்கு முன்னால் ஏற்றிய புது மாடல்களை கூகுள் கண்டுகொள்ளத் தாமதமானது ஒன்று. பாட் பழைய பையையே புது வாலோடு சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தது. மற்ற சைட்டுகள் கொடுத்த இணைப்புகளை வைத்துத் தேடுபொறி போடும் மதிப்பு பல முகவரிகளுக்குச் சிதறியது இன்னொன்று. கூடை குழம்பியது மூன்றாவது. போன் வந்தது அதற்கு மட்டும்தான்.

தேடுபொறிகளும் இதை வேடிக்கை பார்த்துக்கொண்டு இருக்கவில்லை. எடுத்த பக்கத்தின் உள்ளடக்கத்தைக் கைரேகை மாதிரி ஒரு சின்ன எண்ணாகச் சுருக்கி, ஒத்துப்போகிறவற்றை ஒன்றாகக் கட்டிவைப்பது பழைய உத்தி. 2007ல் குர்மீத் சிங் மன்கு, அரவிந்த் ஜெயின், அனிஷ் தாஸ் சர்மா மூவரும் கூகுளில் செய்த வேலையை வைத்து எழுதிய ஆய்வுக் கட்டுரை, 800 கோடி பக்கங்களுக்கு 64 பிட் கைரேகை போதும், மூன்று பிட் வரை வேறுபட்டால் நகல் என்று எடுத்துக்கொள்ளலாம் என்று காட்டியது. நேர்த்தியான வேலை. ஆனால் கைரேகை எடுக்க வேண்டுமானால் பக்கத்தை முதலில் எடுத்தாக வேண்டும். எடுப்பதற்கு முன்பே முகவரியைப் பார்த்து 'இது பழைய சரக்கு' என்று சொல்ல முடிந்தால்தான் மிச்சம். அதே வருடம் சிவ் பார்-யோசெப், இடித் கெய்தர், ஊரி ஷோன்ஃபெல்ட் மூவரும் அதற்கு ஒரு வழி சொன்னார்கள்: ஒரு சைட்டின் முகவரிப் பட்டியலை வைத்தே, எந்தப் பகுதியை மாற்றினாலும் உள்ளடக்கம் மாறுவதில்லை என்ற விதியை ஊகித்துவிடலாம், சில பக்கங்களை மட்டும் எடுத்துச் சரிபார்த்தால் போதும் என்று. எவ்வளவு கெட்டிக்காரத்தனமாக ஊகித்தாலும் ஊகம் ஊகம்தான். அண்ணாச்சி கடை மாதிரிச் சின்ன சைட்டுக்கு அது எப்போது சரியாக வேலை செய்யும் என்று காத்திருக்க முடியாது.

அடுத்து நான் செய்த காரியத்தைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. பாட்கள் எங்கே போகலாம், எங்கே போகக்கூடாது என்று எழுதிவைக்கும் ரோபாட்ஸ் கோப்பை அவசரத்தில் திறந்து, வால் உள்ள முகவரிகள் எதையும் தொடாதே என்று பாட்டுக்குத் தடை போட்டேன். மார்ட்டின் கோஸ்டர் 1994ல் யோசித்துக் கொடுத்த அந்தக் கோப்பு 2022 வரை முறையான தரமாகக்கூட ஆகவில்லை. இருந்தாலும் பெரிய பாட்கள் எல்லாம் மரியாதையாகக் கேட்டுக்கொள்ளும். கேட்டுக்கொண்டது. கேட்டுக்கொண்டதால்தான் கெட்டது. ஏற்கெனவே அட்டவணையில் ஏறிய வால் முகவரிகள் அப்படியே நின்றன, விவரம் ஏதும் இல்லாத வெற்று இணைப்புகளாக. மறுவாரம் சர்வரில் ரீடைரக்ட் போட்டு, வாலோடு வந்தால் வாலில்லாத முகவரிக்கு அனுப்பு என்று அமைத்தேன். அதைப் பாட் பார்க்கவே இல்லை. வாசலிலேயே நிறுத்திவிட்டு, உள்ளே மாட்டிய அறிவிப்பை ஏன் படிக்கவில்லை என்று கேட்டால் என்ன நியாயம்?

ரோபாட்ஸ் தடை என்றால் 'வந்து எடுக்காதே' என்று மட்டும்தான் பொருள். 'அட்டவணையிலிருந்து நீக்கு' என்று அது சொல்வதில்லை. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு வருகிறவர்களை இன்றும் மாதம் ஒருவரையாவது சந்திக்கிறேன். தடையை எடுத்துவிட்டு, 'நிரந்தரமாக இடம் மாறிவிட்டது' என்று சொல்லும் 301 ரீடைரக்டை மட்டும் வைத்தேன். அதன்பிறகுதான் பழைய முகவரிகள் ஒவ்வொன்றாக உதிரத் தொடங்கின.

ஆனால் ரீடைரக்டும் பழைய புண்ணுக்குப் போடும் கட்டுத்தான். புதுசாக வால் முளைப்பது நிற்க வேண்டும். பிஎச்பியில் அதற்கு இரண்டு அமைப்புகள்: இணைப்புகளில் தானாக ஐடி ஒட்டும் வசதியை அணைப்பது, குக்கி வழியாக வந்தால் மட்டுமே செஷனை ஏற்பது. இரண்டாவதை 2009ல் வந்த 5.3 பதிப்பிலிருந்து பிஎச்பியே இயல்பாகப் போட்டுக் கொடுத்தது. 2024ல் வந்த 8.4 பதிப்பு, வாலில் ஐடி ஒட்டும் வழக்கமே பின்னால் நீக்கப்படும் என்று எச்சரிக்கை கொடுக்க ஆரம்பித்திருக்கிறது. தாமதம்தான், இருந்தாலும் நல்லது. ஜாவாவில் சர்வ்லெட் என்ற தரத்தின் 3.0 பதிப்பு வந்ததிலிருந்து, செஷனைக் குக்கியால் மட்டும் பின்தொடர் என்று அமைப்புக் கோப்பில் ஒரு வரி எழுதினால் போதும்.

இன்னொன்றையும் அப்போதே மாற்றினேன். அதுதான் உண்மையில் பெரிய வித்தியாசம் தந்தது. கடைக்குள் நுழைந்தவுடன் எல்லோருக்கும் செஷன் தொடங்குவதை நிறுத்திவிட்டு, பையைக் கூடையில் போடும்போது மட்டும் தொடங்க வைத்தேன். வேடிக்கை பார்க்க வருகிறவருக்கு எதற்கு டோக்கன்? பாட் எதையும் வாங்கப்போவதில்லை, ஆகவே அதற்கு டோக்கனே கிடையாது. குக்கியை அணைத்து வைத்திருப்பவர்களும் பைகளைப் பார்க்கலாம், கூடையில் போட முயன்றால் மட்டும் 'குக்கியைத் திறந்துவிடுங்கள், அல்லது கடைக்குப் போன் செய்யுங்கள்' என்று ஒரு வரி வரும். அண்ணாச்சிக்கு இந்த இரண்டாவது பாதி ரொம்பப் பிடித்தது. போனில் பேசினால் அவர் ஒரு பைக்கு இரண்டு பை விற்றுவிடுவார்.

அப்போது பலர் சொன்ன வேறு வழி ஒன்று உண்டு. வருவது பாட் என்று தெரிந்தால் அதற்கு மட்டும் ஐடி கொடுக்காதே. ஓஎஸ்காமர்ஸ் என்ற பழைய கடை மென்பொருளில் சிலந்திகளுக்கு, அதாவது பாட்களுக்கு, செஷன் தராதே என்று ஒரு பொத்தானும், சிலந்திகளின் பெயர்ப் பட்டியல் ஒன்றும் உண்டு. செஷன் ஐடி இல்லாமல் பாட்களை உலவ விடுங்கள் என்று கூகுளின் பழைய வழிகாட்டியே சொன்னது என்பதால், பக்கத்தின் உள்ளடக்கம் மாறாதவரை இதை ஏமாற்று என்று சொல்ல முடியாது. ஆனாலும் எனக்கு இதில் நம்பிக்கை இல்லை. பட்டியல் எழுதின மறுநாளே பழசு. புதுப் பாட் ஒன்று வந்தால் கதை திரும்பத் தொடங்கும். கூகுள்பாட் என்று பெயர் போட்டுக்கொண்டு வருவது எல்லாம் கூகுள்பாட்டும் இல்லை. ஐபி எண்ணிலிருந்து பெயரைத் தேடி, அந்தப் பெயரிலிருந்து மறுபடி எண்ணைத் தேடி ஒத்துப் பார்த்தால் உறுதியாகும். இவ்வளவு காவல் எதற்கு, எல்லோருக்கும் ஒரே மாதிரி முகவரி கொடுத்துவிட்டால் போகிறது.

2009 பிப்ரவரியில் கூகுள், யாஹூ, மைக்ரோசாஃப்ட் மூன்றும் சேர்ந்து கேனானிகல் டேக்கை அறிவித்தன. எந்த முகவரியில் பக்கம் திறந்தாலும், 'என் உண்மையான முகவரி இதுதான்' என்று பக்கமே தன் தலைப்பகுதியில் சொல்லிக்கொள்ளும் ஒரு வரி. அண்ணாச்சி சைட்டில் அந்த மாதமே போட்டேன். வரம் போலத்தான் வந்தது, ஆனால் அதன் எல்லையும் தெரிந்திருக்க வேண்டும். அது கட்டளை இல்லை, குறிப்பு. தேடுபொறி ஏற்காமலும் போகலாம். பக்கத்தை எடுத்த பிறகுதான் அந்த வரி கண்ணில் படும், ஆகவே அட்டவணை சுத்தமாகுமே தவிர பாட்டின் அலைச்சல் உடனே குறையாது. கூடைக் குழப்பத்துக்கு அது மருந்தே இல்லை.

அதே 2009ல் கூகுள் இன்னொரு கருவியும் கொடுத்தது. முகவரி வாலில் எந்தப் பாராமீட்டரை, அதாவது சமக்குறிக்கு முன்னால் வரும் எந்தப் பெயரை, கண்டுகொள்ள வேண்டாம் என்று சைட்டுக்காரரே சொல்லிவிடலாம். நானும் சொன்னேன். 2022 ஏப்ரலில் அதை மூடிவிட்டார்கள். அதில் எழுதி வைத்த அமைப்புகளில் ஏறக்குறைய 1 சதவீதம்தான் உபயோகமாக இருந்தது என்று காரணம் சொன்னார்கள். மீதி 99ல் எனக்கும் பங்கு இருக்கலாம்.

பாதுகாப்பு விஷயத்தைத் தேடுபொறி வேலை பார்க்கிறவர்கள் ஓரமாகத் தள்ளிவிடுவார்கள். தப்பு. முகவரி என்பது ஊருக்கெல்லாம் சொல்லும் சங்கதி. வாலில் இருக்கும் ஐடி பிரவுசர் வரலாற்றில் கிடக்கும், சர்வர் லாகில் கிடக்கும், 'இந்தப் பை எப்படி இருக்கு, மதினி?' என்று சொந்தக்காரருக்கு அனுப்பும் இணைப்பில் கூடவே போகும். கணக்கில் நுழைந்த நிலையில் அனுப்பியிருந்தால், மதினி திறக்கும்போது அவர் கண்ணில் படுவது உங்கள் கணக்கு. ஒரு சைட்டிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்போது முந்தைய முழு முகவரியும் ரெஃபரர் என்ற பெயரில் அங்கே போய்ச் சேர்ந்துகொண்டிருந்தது. குரோம் 2020ல்தான் அடுத்த சைட்டுக்கு டொமைன் பெயரை மட்டும் சொல்வதை இயல்பாக்கியது. 2002 டிசம்பரில் மிட்யா கோல்ஷெக் இன்னொரு ஓட்டையை விவரமாக எழுதினார். திருடன் தானே ஓர் ஐடியைப் பெற்று, அதை இணைப்பின் வாலில் வைத்து உங்களுக்கு அனுப்புவான். நீங்கள் அதைத் திறந்து உள்நுழைந்தால், அவன் கையில் இருக்கும் அதே ஐடிக்கு உங்கள் கணக்கு திறந்துவிடும். உள்நுழைந்த நொடியில் ஐடியை மாற்றிவிட வேண்டும் என்பது அப்போதிலிருந்து பாலபாடம். அண்ணாச்சி கடையில் நடந்தது இதேதான், திருடன் மட்டும் இல்லை. ஒன்றும் அறியாத கூகுள், தன் கையில் கிடைத்த ஐடியை வருகிறவர்களுக்கெல்லாம் விநியோகித்துக்கொண்டிருந்தது.

செஷன் வால் இப்போது அரிதாகிவிட்டது. வேறு வால்கள் முளைத்திருக்கின்றன. விளம்பரம் எங்கிருந்து ஆள் கொண்டுவந்தது என்று கணக்குப் பார்க்கும் யூடிஎம் வால்கள், ஃபேஸ்புக்கிலிருந்து வரும் கிளிக்கில் 2018 முதல் ஒட்டிக்கொண்டு வரும் வால், வடிகட்டிகளின் வால். நிறம் கறுப்பு, விலை குறைந்ததிலிருந்து, இருபது பையாகக் காட்டு என்று வரிசை மாற்றி மாற்றிச் சேர்த்தால் 200 பைக்கு எத்தனை முகவரி வரும் என்று நீங்களே போட்டுப் பாருங்கள். வேடிக்கை என்னவென்றால், 2024ல் கூகுளே தன் மெர்ச்சன்ட் சென்டரில் பொருள் பதிந்த கடைகளின் சாதாரணத் தேடல் முடிவுகளில் ஒரு வாலை ஒட்டி அனுப்பத் தொடங்கியது. அண்ணாச்சி அதை லாகில் பார்த்துவிட்டு, பழைய வியாதி திரும்பிவிட்டது என்று பயந்து போன் செய்தார். இல்லை, இந்த வால் கூடையைத் தொடாது, கேனானிகல் வரி பார்த்துக்கொள்ளும் என்று சொன்னேன். "அவங்க செஞ்சா சரி, நம்ம செஞ்சா தப்பா?" என்றார். பதில் இல்லை என்னிடம்.

இந்தப் புது வால்களுக்கு ரீடைரக்ட் போட்டு வெட்டினால் விளம்பரக் கணக்கு கெட்டுப்போகும். அங்கே கேனானிகல்தான் சரி. வடிகட்டிகள் மட்டும் வேறு ரகம். அவற்றில் தேடுபொறிக்கு வேண்டியது எதுவும் இல்லை என்றால், முகவரிகள் அட்டவணையில் ஏறுவதற்கு முன், முதல் நாளிலேயே ரோபாட்ஸ் கோப்பில் தடுத்துவிடலாம். நான் 2008ல் செய்த அதே காரியம்தான், ஏறிய பின் செய்ததுதான் பிழை.

பழைய ரீடைரக்டைக் குறைந்தது ஒரு வருடமாவது வைத்திருங்கள் என்கிறது கூகுள். நான் எடுக்கவே இல்லை. எங்கோ யாரோ எழுதிவைத்த இணைப்பு ஒன்றிலிருந்து, அந்தப் பழைய 32 எழுத்து வாலோடு எப்போதாவது ஒரு பாட் வந்து நிற்பதை இப்போதும் லாகில் பார்க்கிறேன். சர்வர் 301 சொல்லி வாலில்லாத முகவரிக்கு அனுப்பிவைக்கிறது. அந்தப் பையை நிறுத்தியே பல வருடமாகிறது என்பதால், அங்கே அதற்குக் கிடைப்பது 410, 'இது இனி இல்லை' என்ற பதில்.